சினை மாடு என்று கேட்டேன்

சிப்பாய் யாரையும் கடிக்கவில்லை. இதை எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சொல்வேன். எட்டு வருசம் என் வாசலில் கிடந்த நாய். கோழியைப் பிடித்ததில்லை, ஆட்டுக்குட்டியைத் தொட்டதில்லை, ரோட்டில் போகிறவன் வேட்டியை இழுத்ததில்லை. கோம்பை நாய் என்றால் வெளியூர்க்காரன் புலி மாதிரி நினைத்துக்கொள்கிறான். காட்டில் அவிழ்த்துவிட்டால் அது வேற. வீட்டில் அது பாட்டுக்குக் கிடக்கும். செவலை நிறம், வாய் மட்டும் கரியைத் தின்றது போலக் கறுப்பு. குட்டியில் காது நுனியை அறுத்து அதற்கே தின்னக் கொடுத்தால் ரோசம் வரும் என்று எங்கள் ஊரில் ஒரு வழக்கம். சிப்பாய்க்கும் செய்தேன். ரோசம் வந்ததோ என்னமோ, சாகிற வரைக்கும் காதைத் தொட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

பொஞ்சாதி செத்து, மகளைச் சின்னமனூரில் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் நானும் அதுவும்தான். காலையில் கம்மஞ்சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்து வைப்பேன். பொழுது சாய்ந்தால் நான் தின்பது எதுவோ அது. சனிக்கிழமை வாய்க்காலில் தேய்த்துக் குளிப்பாட்டி, உண்ணி பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணியில் போடுவேன். வயிறு மந்தமானால் அதுவே அருகம்புல்லைத் தின்று கக்கிவிடும். இதற்கு மேல் ஒரு நாய்க்கு என்ன வைத்தியம்?

மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு கம்பவுண்டர் வந்திருந்தான். ஞானசிகாமணி என்று பேர். போடி பஜாரில் கடை வைத்திருக்கிற, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பத்துப் பிள்ளை. தேய்த்த கால்சட்டையும் சைக்கிளுமாக வீடு வீடாக வந்து, "நாய்க்கு வருசத்துக்கு ஒரு ஊசி போடணும் பெரியவரே, கூட்டிட்டு வாங்க" என்றான். மூன்று தரம் வந்தான். கடைசியில் தமுக்கு அடித்தும் சொன்னார்கள். தமுக்கு அடித்த அன்றைக்கு நான் சிப்பாயைத் தோட்டத்துக்கு ஓட்டிப் போய்விட்டேன்.

ஊசியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சும்மா இல்லை, காரணம் உண்டு. அதற்குப் பத்து வருசத்துக்கு முந்தி ஊர் மந்தையில் கொட்டகை போட்டு மாட்டுக்கெல்லாம் ஊசி குத்தினார்கள். குத்தினவன் எந்த ஊர்க்காரனோ, பேர்கூடத் தெரியாது. என் மயிலைப் பசு அப்போது சினை. ஒன்பதாம் நாள் கன்றைப் போட்டுவிட்டது. ரோமம் முளைக்காத கன்று. நான்தான் குழி தோண்டினேன். அதற்கப்புறம் ஊசி என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கன்றுதான் கண்ணுக்கு முன்னால் வரும்.

எழுபத்தெட்டாம் வருசம் ஆடியில் மண்வெட்டி என் கெண்டைக்காலில் பட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊதா மருந்து போட்டுக் கட்டிவிட்டார்கள். ஒரு மாதம் கட்டினேன். உள்ளே ஊறி நாற்றம்தான் எடுத்தது. கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு, புண்ணைச் சுற்றி மோரைத் தடவி, சிப்பாய் முன்னால் காலை நீட்டினேன். நாய் நக்கினால் புண் ஆறும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருபது நாளில் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டது. டீக்கடையில் வேட்டியைத் தூக்கி எல்லாருக்கும் காலைக் காட்டினேன். கம்பவுண்டருக்கும் காட்டினேன்.

"அது ஆறுற நேரம் வந்துச்சு, ஆறுச்சு" என்றான் அவன். "நாய் வாய்ல என்னென்ன இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு?"

பொறாமை பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீடு முத்துப்பேச்சி வீடு. நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மண் சுவர். அவள் புருசன் சுருளிக்கு மலைக்கு மேல் ஏலத்தோட்டத்தில் வேலை. இவளும் கூடப் போய்த் தங்கி வேலை பார்ப்பாள். வாய் அதிகம். மலையில் இருந்த பழக்கத்தில் எதற்கெடுத்தாலும் மலையாளத்தில் "ஒந்நும் இல்லா" என்பாள். உடம்புக்கு என்ன என்றால் ஒந்நும் இல்லா. வீட்டில் என்ன சண்டை என்றால் ஒந்நும் இல்லா. இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போனது. அப்போதும் அதைத்தான் சொன்னாள், முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு. மூன்றாவது தங்கி நாலு மாதம் தாண்டினதும், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது கீழே இறங்கி வந்திருந்தாள். மழைக்காலத்து அட்டை இரண்டு காலிலும் கடித்து, அதை இவள் சொறிந்து சொறிந்து, முழங்காலுக்குக் கீழே ஒரே புண்.

அவள் வந்து கேட்டாள். நான் நாயை விட்டேன்.

"உங்க காலை ஆத்துன டாக்டரை இங்கன கொஞ்சம் அனுப்புங்க மாமா."

"அவரு பீசு இல்லாம வரமாட்டாரு."

"என்ன பீசு?"

"கருவாடு ஒரு துண்டு."

"கருவாடு நாத்தம் எனக்கு இப்ப ஆகாது. சோறு போடுறேன்னு சொல்லுங்க."

மத்தியானம் சோறு தின்ற பிறகு சுவரோரம் காலை நீட்டி உட்காருவாள். நான் மோரைத் தடவிவிடச் சொல்வேன். சிப்பாய் சுவரைத் தாண்டிப் போய் நக்கும். "கூசுது மாமா, உங்க டாக்டருக்கு மீசை இருக்கு" என்று சிரிப்பாள். தீபாவளிக்கு முந்தின நாள் வரைக்கும் இது நடந்தது. புண் எல்லாம் அடைந்துகொண்டு வந்தது. எனக்குப் பெருமைதான்.

இதற்கு நடுவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். புரட்டாசியில் மானாவாரிக் காட்டில் ஒரு நரி பட்டப்பகலில் வந்து சிப்பாய் மேல் விழுந்தது. நரி ஆளைக் கண்டால் ஓடும். இது ஓடவில்லை. நான் கல்லை எறிந்து எறிந்து விரட்டினேன். சிப்பாய்க்கு மூக்கில் கடி. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்தேன். ஆறிவிட்டது, மறந்துவிட்டேன்.

தீபாவளிக்குக் கறி எடுத்ததில் சிப்பாய்க்கு ஒரு தொடை எலும்பு போட்டேன். மறுநாள் காலையில் அது வாசலில் இல்லை. உள்ளே தானியக் குலுக்கைக்குப் பின்னால், இருட்டுக்குள் போய்ப் படுத்திருந்தது. கூப்பிட்டேன். வரவில்லை. எட்டு வருசத்தில் நான் கூப்பிட்டு அது வராமல் இருந்தது அன்றைக்குத்தான். ஒரு தரம் குரைத்தது. குரல் வேற யாருடையதோ போல இருந்தது, உடைந்து.

அடுத்த நாள் கீழ்த்தாடை தொங்கிப் போய்விட்டது. வாய் மூடவில்லை, எச்சில் கயிறு மாதிரி வடிந்தது. தண்ணீர்ச் சட்டிக்குள் மூக்கு வரைக்கும் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. ஆனால் நக்கிக் குடிக்க முடியவில்லை. எனக்கு உடனே புரிந்துபோனது என்று நினைத்தேன். எலும்பு. தொடை எலும்பில் ஒரு சில்லு உடைந்து தொண்டையில் குத்தி நிற்கிறது. அதன் தலையைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது கையைத் தொண்டை வரைக்கும் விட்டுத் துழாவினேன். சூடாகத்தான் இருந்தது. எலும்பு ஒன்றும் இல்லை. சிப்பாய் அப்போதும் கடிக்கவில்லை. கடிக்கத் தாடையில் தெம்பு இல்லை என்பது எனக்குப் பின்னாடிதான் தெரியும். பாசத்தில் பொறுத்துக்கொள்கிறது என்று நினைத்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். கையெல்லாம் கம்பங்கதிர் அறுத்த கீறல்.

வெள்ளிக்கிழமை சாக்கில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். வேற வழி இல்லை. ஞானசிகாமணி கிட்டே வரவில்லை. ரெண்டு முழம் தள்ளி நின்றே பார்த்தான்.

"யாரையாவது கடிச்சுச்சா?"

"கடிக்கலை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சிப்பாய் யாரையும் கடிக்காது. தொண்டையில எலும்பு. இடுக்கி வச்சு எடுத்துவிடு."

"எலும்புன்னு எப்படித் தெரியும்?"

"கையை விட்டுப் பாத்தேன். தட்டுப்படலை. அடியில இருக்கும்."

அவன் முகம் மாறிவிட்டது. "கையை விட்டீகளா? வாய்க்குள்ளயா? அடப் பெரியவரே, தாடை தொங்குனா எல்லாரும் எலும்பு எலும்புன்னு இதத்தான் செய்யுறாக. இது எலும்பு இல்ல. வெறி."

"வெறி நாய்னா ஓடும், கடிக்கும். இது மூலையில படுத்துக் கெடக்கு."

"இப்படிப் படுத்துக் கெடக்கிற வெறியும் உண்டு. இதுதான் மோசம், ஆளு பயப்பட மாட்டான் பாருங்க."

நான் நம்பவில்லை. அவன் சிப்பாயைக் கூண்டில் போட்டுப் பூட்டினான். எனக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து உத்தமபாளையம் பெரியாஸ்பத்திரிக்கு அப்போதே போகச் சொன்னான். சீட்டை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தபோது சிப்பாய் கூண்டுக்குள் செத்துக் கிடந்தது. நாக்கு கறுத்து வெளியே கிடந்தது. சனிக்கிழமை, குளிப்பாட்டுகிற நாள். தொடக்கூட விடவில்லை அவன். தலையைச் சோதிக்க அனுப்பணும் என்றான். "கறிக்கடையா வச்சிருக்க?" என்று கத்தினேன். அவன் என் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிக் கூடவே பாளையத்துக்கு வந்தான்.

அங்கே சட்டையைத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்குப் பக்கத்தில் முதல் ஊசி போட்டார்கள். பதினாலு நாள், பதினாலு ஊசி. நான் போட்டுக்கொண்டேன். ஊசியை நம்பாதவன் எப்படிப் போட்டுக்கொண்டேன் என்று கேட்டால், பயம்தான். செத்த நாயின் நாக்கைப் பார்த்த பயம்.

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தபோது ஞானசிகாமணி சொன்னான். "விசம் பல்லுல இல்ல பெரியவரே, எச்சில்ல. அது நக்குன இடத்துல புண்ணு இருந்தா கடிச்ச மாதிரிதான். வேற யாரையும் நக்குச்சா?"

எனக்கு முத்துப்பேச்சியின் கால் ஞாபகம் வந்தது. கூடவே அவள் வயிறு. கூடவே அந்தக் கன்று, ரோமம் முளைக்காதது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. உள்ளே பிள்ளை. ஏற்கெனவே ரெண்டு போனவள்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுற்றிக் கேட்டேன்.

"சினை மாட்டுக்கு இந்த ஊசி போட்டா கன்னு நிக்குமா?"

"மாட்டையும் நக்குச்சா?"

"பக்கத்து வீட்டு மாடு. கால்ல புண்ணு."

"எத்தனை மாசம்?"

"அஞ்சு."

"மாட்டுக்கு யாரு பதினாலு ஊசி போடுறது? சினை வேற. அடி வயித்துல குத்துனா என்ன ஆகும்னு நான் பாத்ததில்ல. கட்டிப்போட்டு, தனியாத் தண்ணி காட்டிப் பாத்துக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. தண்ணி குடிக்க மாட்டேன்னா உடனே எனக்குச் சொல்லி அனுப்புங்க."

மாட்டைக் கேட்டேன், மாட்டுக்குப் பதில் சொன்னான். அவன் மேல் தப்பில்லை. நான்தான் அந்தப் பதிலைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு மனுசிக்கு வைத்துப் பார்த்தேன். பாத்துக்கிட்டே இருந்தால் போதும். தண்ணீர் குடிக்கிறாளா, சரி. இதை நினைத்ததும் மனசு லேசாகிப் போனது. இவன் பேச்சையே நம்பாத நான் இந்த ஒரு பேச்சை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். காலை பஸ்ஸுக்குப் பாளையம் போய் ஊசி போட்டுக்கொண்டு பத்து மணிக்குத் திரும்பிவிடுவேன். மகள் வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று தெருவில் சொன்னேன். சிப்பாய் எலும்பு விக்கிச் செத்தது என்றும் சொன்னேன். வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் சுவரோரத்தில் நின்று முத்துப்பேச்சி தண்ணீர் குடிக்கிறாளா என்று பார்த்தேன். செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிப்பாள். தொண்டை ஏறி இறங்கும். சரி என்று உள்ளே போவேன்.

"என்னா மாமா, நாய் போன பிறகு என்னையக் காவல் காக்குறீக?" என்றாள் ஒரு தரம்.

"சும்மா."

"பாவம், உங்க டாக்டர். எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கலை."

சோறு இறங்கவில்லை என்றதும், "தண்ணி எறங்குதா?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மசக்கை இன்னும் விடவில்லை, அதைத்தான் சொன்னாள் போல.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை ஜீப்பில் மலைக்குப் போகிறாளாம். ஸ்டோரில் ஏலக்காய் பொறுக்குகிற வேலை, உட்கார்ந்த வேலைதான், தைப் பொங்கலுக்குத்தான் திரும்புவாளாம். காலை என் பக்கம் நீட்டிக் காட்டினாள். புண் எல்லாம் மூடி, புதுத்தோல் மினுமினுத்தது. "சுருளிகிட்டக் காட்டணும். அங்கன ஒரு நாயை வளர்த்து வைத்தியசாலை ஆரம்பிச்சிருவோம்" என்றாள்.

கட்டிப்போட்டுப் பாத்துக்கிட்டே இருக்கச் சொன்னான். இவள் மலைக்குப் போய்விட்டால் யார் பார்ப்பது? அங்கே தண்ணீர் குடிக்கிறாளா இல்லையா என்று எனக்கு யார் சொல்வது? அன்றைக்கு ராத்திரி முழுக்க இதையே அரைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் ஊசி, ஊசி போட்டால் பிள்ளை போகும். சொல்லாவிட்டால் ரெண்டும் போகும். இதில் எது நிசம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரி நாலு நாளாக அவளுக்கும் சேர்த்து நான் ஒருத்தன் முடிவு பண்ணிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை விடியற்காலையில் மந்தையில் ஜீப் நின்றது. பதினோரு பேர் ஏறிவிட்டார்கள். முத்துப்பேச்சி பின்னால் ஓரத்தில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிரைவர் பால்பாண்டி சாவியைத் திருகிக்கொண்டிருந்தான். நான் போய்ப் பின்கம்பியைப் பிடித்தேன்.

"பேச்சி, எறங்கு."

"என்ன பெரியவரே," என்றான் பால்பாண்டி, "மருமகளை விட மனசில்லையா? நீங்களும் ஏறுங்க, மேல ஒரு ஆளுக்கு எடம் இருக்கு."

"நீ வாயை மூடு. பேச்சி, எறங்குத்தா."

"என்னா மாமா?"

"சிப்பாய் எலும்பு விக்கிச் சாகலை. வெறி புடிச்சுச் செத்துச்சு. அது உன் காலை நக்கியிருக்கு. ஊசி போடணும்."

ஜீப்புக்குள் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். முத்துப்பேச்சியும் சிரித்தாள். "நக்குனதுக்கு ஊசியா? கடிச்சாத்தானே மாமா ஊசி. நக்குனதுக்கே ஊசின்னா, கட்டுன புருசனுக்கெல்லாம் ஊசி போடணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. மூட்டையைத் தரையில் போட்டாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள்.

பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரேதான் மாட்டாஸ்பத்திரி. ஞானசிகாமணி கதவைத் திறந்துகொண்டிருந்தான். நான் அவளைக் காட்டி, "அன்னைக்குக் கேட்ட சினை மாடு" என்றேன். வேற எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவன் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது. "மாடுன்னீரேய்யா! மாடுன்னுதானே சொன்னீரு! மாடு வேற, மனுசி வேற இல்லையா? நான் என்ன சொன்னேன், கட்டிப்போட்டுப் பாருங்கன்னேனே!" அதுவரைக்கும் என்னை நீங்க, வாங்க என்று பேசினவன். "கூட்டிட்டுப் போம். நிக்காதீரும், போம்."

முத்துப்பேச்சிக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தென்னந்தோப்பு தாண்டினதும் என் பக்கம் திரும்பினாள்.

"வயித்துலயா போடுவாக?"

"தொப்புளுக்குப் பக்கத்துல."

"பிள்ளைக்கு?"

"டாக்டரைக் கேப்போம்."

"இதுவும் போச்சுன்னா நான் திரும்பி ஊருக்கு வரமாட்டேன் மாமா. மேல இருந்தே குதிச்சிருவேன். சொல்லிட்டேன்."

மயிலைப் பசுவைப் பற்றி என் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

பாளையத்தில் டாக்டரய்யா காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாக. முகத்தைப் பார்த்துப் பேசுகிற மனுசன். "தோலுக்கு அடியிலதான்மா ஊசி. பிள்ளை எங்கயோ உள்ள இருக்கு. ஊசியால பிள்ளைக்கு ஒன்னும் ஆகாது. போடலைன்னாத்தான் ரெண்டு பேருக்கும் ஆபத்து" என்று சொன்னாக. முத்துப்பேச்சி தலையை ஆட்டினாள். ஊசி போடுகிற அறைக்கு நானும் கூடப் போனேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். வெளியே நின்றிருக்க வேண்டும்.

நர்சு கிருபாவதியம்மா என்னைப் பார்த்ததும் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "வாங்க பெரியவரே, உங்களுக்கு இன்னைக்கு அஞ்சாவது. வலது பக்கம். இந்தப் பிள்ளைக்கு முதல் ஊசியா? நீ இப்படி வந்து படும்மா" என்றாள்.

முத்துப்பேச்சி படுக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்தாள்.

"அஞ்சாவதா?"

நர்சு ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

முத்துப்பேச்சி எழுந்து வந்து, என்னைக் கேட்காமலே என் சட்டையைத் தூக்கினாள். தொப்புளைச் சுற்றிச் சிவந்து தடித்து, நாலு. ஒவ்வொன்றாக விரலை வைத்து எண்ணினாள். நான் கையை ஒதுக்கவில்லை.

"சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய்" என்றாள். "மக வீட்டுக்குப் போறேன்னீகளே, அது இதுதானா?"

"உனக்கு ஊசி போட்டா பிள்ளை தங்காதுன்னு நெனச்சேன். என் மாடு…"

"மாடா?"

"ஊசி போட்டுக் கன்னைப் போட்டுருச்சு. அதான்…"

"உங்க வயித்துக்கு நாலு நாளா மருந்து. என் வயித்துக்கு வாயைத் திறக்கலை நீங்க."

"நீதானே அன்னைக்கு நாயை அனுப்பச் சொல்லிக் கேட்டே," என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"நானா கேட்டேன்?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நான் சுண்ணாம்பு வச்சுக்கிட்டு இருந்தேன். நீங்கதான் சுவருக்கு அங்கிட்டு நின்னு, அதையெல்லாம் தொடைச்சுப்போடு, என் நாய் நக்குனா பத்து நாள்ல ஆறும்னீக. வேணாம் மாமா, அசிங்கமா இருக்குன்னேன். நான் காலைத் தூக்கிக் காட்டலையான்னு கேட்டீக. அதுக்குப் பிறகுதான் டாக்டரை அனுப்புங்கன்னு நான் கேலி பேசுனேன்."

ஆமாம். அப்படித்தான் நடந்தது. அவள் வந்து கேட்டாள் என்று நான் முன்னால் சொன்னது பாதிதான். எனக்கே நான் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன்.

அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். ஊசி இறங்கும்போது கையால் அடிவயிற்றை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தாள்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் ஒரே பஸ்ஸில் போனோம். அவள் முன்னால் பெண்கள் பக்கம், நான் கடைசி சீட்டு. எனக்குப் பதினாலு முடிந்த பிறகும் அவளுக்கு நாலு இருந்தது. அந்த நாலு நாளும் நானும் போனேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். அவள் வெளியே வந்ததும் முன்னால் நடப்பாள். நான் பின்னால் வருவேன். சிப்பாய் தலைக்குச் சோதனை முடிவு வந்தது. வெறிதான் என்று ஞானசிகாமணி சைக்கிளை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனான்.

சுருளி சேதி கேட்டு மலையிலிருந்து இறங்கி வந்தான். வாசலில் நின்றான். இடுப்பில் காடு வெட்டுகிற அரிவாள்.

"மாமா, உங்களை வெட்டணும்னுதான் வந்தேன்."

"வெட்டு."

"பேச்சி வேணாம்னுட்டா. நீ செயிலுக்குப் போயிட்டா பிரசவத்துக்கு என்னை யாரு தூக்கிட்டுப் போவாங்கிறா." சொல்லிவிட்டு அழுதான். வளர்ந்த ஆள் அழுவதைப் பார்க்க முடியாமல் நான் உள்ளே போய்விட்டேன்.

ஊசி போட்டதோடு முடியவில்லை. நாலு நாள் தாமதம் என்ன செய்யும் என்று டாக்டரய்யாவிடம் கேட்டேன். "சொல்ல முடியாது. பெரும்பாலும் காப்பாத்திரும். சிலருக்கு மாசக்கணக்குல கழிச்சும் வரும். தண்ணி குடிக்கையில தொண்டை இழுத்தா உடனே கூட்டிட்டு வாங்க" என்று சொன்னாக. கூட்டி வந்தால் என்ன செய்வீக என்று கேட்டேன். டாக்டரய்யா அடுத்த சீட்டை எடுத்துப் பேரைக் கூப்பிட்டாக.

இப்போது மாசி. பிள்ளை வயிற்றில் நிற்கிறது, இந்த மாதத்தில் ஒரு நாள் பிறக்கும். இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் நடக்கிறாள். அந்த ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. சுவரை நாலு வரி கல் வைத்து உயர்த்திவிட்டார்கள். தலை தெரியாது. சுவர் மேல் அவள் எனக்கு மோர் கொண்டுவந்து வைப்பதும் நின்றுபோனது. யாரோ ஒரு கோம்பைக் குட்டி தருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன்.

காலையில் என் செம்புத் தண்ணீரை முதல் மடக்கு விழுங்கும்போது எனக்கும் தொண்டையைக் கவனிக்கிற பழக்கம் வந்துவிட்டது. இறங்கினதும் சுவரோரத்துக்குப் போவேன். பார்க்க முடியாது என்பதால் காது கொடுப்பேன். அவள் எழுந்து வந்து, வாளியில் செம்பை முக்கி, வாய் கொப்பளிக்கிற சத்தம் வரும். அது வந்தால் ஒரு நாள் கழிந்தது.

இன்றைக்கு ரொம்ப நேரம் சத்தமே வரவில்லை. வெயில் ஏறிவிட்டது. கதவு திறந்தது தெரிந்தது. நடை தெரிந்தது. செம்பு வாளியில் இடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. நான் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு கொர்ர்ரென்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, வேண்டுமென்றே இழுத்து இழுத்துக் கொப்பளித்தாள். சுவர் மேல் சடாரென்று துப்பினாள். துளி தெறித்து என் கையில் பட்டது.

"இன்னும் சாகலை மாமா" என்றாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. "போங்க, போய் வேலையப் பாருங்க."

போகவில்லை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.